அம்மன் நூல் ஆதாரம் தாக்கல் செய்யவில்லை

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் ஊஞ்சக்காடு என்கிற சிற்றூருக்குத் தண்ணீர் விடுவது மயிலம்மாளின் வேலை. விடிந்ததும் மோட்டார் அறையைத் திறந்து பொத்தானை அழுத்துவாள். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டால் நிறுத்துவாள். பிறகு வால்வைத் திருகி, மேட்டு வீடுகளுக்கும் பள்ளத்து வீடுகளுக்கும் முறை வைத்து விடுவாள். முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். “ஆள் போடுற வரைக்கும் நீ பாத்துக்கம்மா” என்று சாவியை இவளிடம் கொடுத்தார்கள். அப்போது அவள் மகளுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. இப்போது மகள் ராசிபுரத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மயிலம்மாள் இன்னும் தற்காலிகமாகத்தான் இருந்தாள்.

அந்தக் கோடையில், தற்காலிகமாக இருப்பவர்களை எல்லாம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு தேர்வு எழுதினால் போதும். நடத்துவது மலைவட்டாரப் பொது அறிவுத் தகுதி வாரியம். பாடம் திரை, இசை, சமயக் குறியீடு.

இந்தப் பாடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று மலையில் யாருக்கும் விளங்கவில்லை. காரணம் மிகவும் எளிமையானது. வாரியத்தில் வல்லுநர்களுக்கு ஐந்து நாற்காலிகள் உண்டு. பொறியியல் நாற்காலியும் சுகாதார நாற்காலியும் வாரியம் பிறந்த நாளிலிருந்தே காலி. மற்ற மூன்றில் ஒருவர் திரைத்துறை வல்லுநர், ஒருவர் இசைத்துறை வல்லுநர். தலைவர் முனைவர் அருணாசலம், சமயக் குறியீட்டியலில் பட்டம் பெற்றவர். யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தெரிந்ததைத்தானே கேட்க முடியும்?

மயிலம்மாள் மனுவைக் கொடுக்கச் சேந்தமங்கலம் போனபோது, உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த வாரிய அலுவலகத்தில் செயலாளர் அர்த்தனாரியிடம் கேட்டே விட்டாள்.

“ஏனுங்க சார், மோட்டாரப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?”

அர்த்தனாரி பொறுமைசாலி. “மோட்டாரைப் பத்தித் தெரிஞ்சிருக்கறது சிறப்பு அறிவும்மா. நாங்க நடத்தறது பொது அறிவுத் தேர்வு” என்றார். பிறகு கையை நீட்டினார். “சாவியைக் கொடுத்துட்டுப் போங்க.”

“சாவி எதுக்குங்க?”

“தேர்வு எழுதற ஒருத்தர் கையில சாவி இருந்தா, சாவி இல்லாம எழுதறவங்களுக்கு அது அநீதி. முடிவு வர்ற வரைக்கும் எல்லா மோட்டார் சாவியும் வாரியத்துகிட்டதான் இருக்கும்.”

“அப்ப தண்ணிக்குங்க?”

“முடிவு சீக்கிரம் வந்துரும்” என்று சொல்லி, அர்த்தனாரி சாவியை ஒரு தோல்பையில் போட்டு இழுத்து மூடினார்.

மறுநாளிலிருந்து ஊஞ்சக்காட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கினார்கள். கோடையில் அந்த ஊற்று, கடன்காரன் கொடுக்கிற மாதிரிதான் கொடுக்கும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு சண்டை முடிந்துவிடும். எல்லோரையும்விட அத்தாயிக்குத்தான் பாடு அதிகம். அவள் வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. முழங்கால் வலிக்காரி. ஏறும்போது வழியில் மூன்று பாறைகளில் உட்கார்ந்து எழுந்துதான் வீடு சேருவாள்.

மயிலம்மாள் தலையில் குடத்தோடு ஏறுவாள். அவள் புருஷன் குழந்தைசாமி பின்னால் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்துகொண்டே, கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பான்.

“சினிமாவுல குங்குமச் சிமிழ் கை தவறி விழுந்தா என்ன அர்த்தம்?”

“கை வழுக்கீருச்சுன்னு அர்த்தம்.”

“இல்ல புள்ள. புருசனுக்கு ஆபத்துன்னு போட்டிருக்குது.”

“நம்மூட்ல வாரத்துக்கு ரெண்டு தடவ விழுவுதே.”

குழந்தைசாமி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். “அதுக்கு இதுல ஒண்ணும் போடல” என்றான்.

தேர்வு நாளன்று மயிலம்மாள் முதல் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று இறங்கி, தேர்வு நடந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் சோதனை நடந்துகொண்டிருந்தது. கையில் வேல் பச்சை குத்தியிருந்த ஒருவருக்கு அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். பயத்தில் தன்னையறியாமல் மெல்ல ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை, இசைப் பகுதியில் வினா கசிவதாகச் சொல்லி வெளியே அனுப்பினார்கள். மயிலம்மாளைக் கண்காணிப்பாளர் நிறுத்தி, நெற்றியை உற்றுப் பார்த்தார்.

“திருநீறை அழிச்சிருங்க.”

“ஏனுங்க?”

“பதினாலாவது கேள்வி, திருநீறு எத்தனை கோடா இடணும்ங்கறது. நீங்க விடைய நெத்தியில எழுதிட்டு வந்திருக்கீங்க.”

“என் நெத்தி எனக்குத் தெரியாதுங்களே.”

“பின்னாடி உக்கார்றவங்களுக்குத் தெரியும்.”

“அவங்களுக்கு என் முதுகுதானுங்களே தெரியும்?”

கண்காணிப்பாளர் யோசித்தார். “நீங்க திரும்பிப் பாத்தா?”

“திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க.”

“அதனாலதான் அழிக்கச் சொல்றேன்” என்றார் அவர். மயிலம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வீட்டில் சாவு விழுந்த நாள் தவிர அவள் வெறும் நெற்றியோடு எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

கேள்விகள் எல்லாம் படித்த மாதிரியும் இருந்தன, படிக்காத மாதிரியும் இருந்தன. சோகக் காட்சியில் ஷெனாய் ஒலித்தால் அடுத்து வருவது பிரிவா, மரணமா, இடைவேளையா, மேற்கண்ட அனைத்துமா என்று ஒன்று கேட்டது. கோயில் மணி தானாக அடித்தால் என்ன பொருள் என்று இன்னொன்று. மயிலம்மாள் ‘காற்று’ என்பதைக் கறுப்பாக்கினாள். சரியான விடை ‘பாட்டு தொடங்கப் போகிறது’ என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்படியே தடுமாறிக்கொண்டு முப்பத்தேழாவது கேள்விக்கு வந்தபோது, அதை இரண்டு தடவை படித்தாள்.

‘கொல்லிமலை ஊஞ்சக்காட்டம்மனின் வாகனம் எது? சிங்கம், புலி, காளை, மயில்.’

அவளுடைய ஊர். அவளுடைய அம்மன். வாராவாரம் அவள் விளக்கு வைக்கிற கோயில். சந்தோஷத்தில் பென்சிலை எடுத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். அம்மனுக்கு முன்னால் ஒரு கல் இருக்கிறது என்னவோ வாஸ்தவம். ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து, எண்ணெய் பட்டுப் பட்டு எருமைக்கன்று மாதிரிப் பளபளக்கும். நோம்பித் திருநாளில் அதற்கும் மஞ்சள்துணி கட்டுவார்கள். ஆனால் அது என்ன மிருகம் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை. கண்ணை மூடி அந்தக் கல்லை நினைத்துப் பார்த்தாள். மலையில் ஒரு காலத்தில் புலி இருந்தது என்பார்கள். சிங்கம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. புலியைக் கறுப்பாக்கிவிட்டு வந்தாள்.

முடிவு வந்தது. மயிலம்மாள் ஒரு மதிப்பெண்ணில் தேறவில்லை. விடைக்குறிப்பில் முப்பத்தேழாவது கேள்விக்குச் சிங்கம் என்று போட்டிருந்தது. ஊஞ்சக்காட்டில் வேறு யாரும் தேறாததால் சாவி வாரியத்துப் பையிலேயே தங்கிவிட்டது.

வேலை போனதைவிட ஊற்றங்கரையில் கேட்ட பேச்சுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “நம்ம சாமி எதுல வருதுன்னு நமக்கே தெரியல, இவளால நாம தண்ணி சொமக்கறோம்” என்று ஒருத்தி குடத்தைப் பார்த்துச் சொன்னாள். “உனக்குத் தெரியுமாக்கா?” என்று மயிலம்மாள் திருப்பிக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடிப்போயிற்று. அத்தாயி மட்டும், “விடு கண்ணு. சிங்கமோ புலியோ, அது வந்தா குடம் தூக்கப் போவுது?” என்றாள்.

குழந்தைசாமிதான் சமாதானம் ஆகவில்லை. “நேர்ல போய்ச் சொல்லு புள்ள. அங்க இருக்கறது கல்லுன்னு சொல்லு. கல்லுன்னு ஒரு விடையே குடுக்கல, அப்பறம் எப்படித் தப்புன்னு சொல்லு” என்று அவளைக் கிளப்பி, தானும் கூடப் போனான்.

வாரியத்தலைவர் அருணாசலம் அவர்களை நிற்க வைத்து, நிதானமாகப் பேசினார். நல்ல குரல். பள்ளி ஆண்டுவிழாக்களில் அவரைக் கூப்பிடாத ஊர் கிடையாது.

“அம்மா, நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறீர்கள். கண்ணால் பார்ப்பது சாட்சி. அச்சில் பார்ப்பதுதான் ஆதாரம். அம்மனின் வாகனம் சிங்கம் என்று நூலில் இருக்கிறது.”

“எந்த நூலுங்க?” என்றான் குழந்தைசாமி.

“நான் எழுதிய நூல்.”

“நீங்க எங்க கோயிலுக்கு வந்திருக்கீங்களா சாமி?”

“நூல் எழுதுகிறவனுக்கு அலைய நேரம் இருக்காது” என்றார் அருணாசலம், வருத்தமாக. பிறகு தொடர்ந்தார். “கேள்வி தவறாக இருக்கலாம். விடையும் தவறாக இருக்கலாம். நாமெல்லாம் மனிதர்கள்தானே. ஆனால் விடைக்குறிப்பு தவறாக இருக்க முடியாது. ஏனென்றால் அதை வெளியிட்டாகிவிட்டது.”

மயிலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒருதடவ வந்து பாருங்க சாமி” என்று மட்டும் சொன்னாள்.

அதைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திரைத்துறை வல்லுநர் நிமிர்ந்தார். மலையில் அருவி இருக்கிறதல்லவா என்று விசாரித்தார். இசைத்துறை வல்லுநர் பலாப்பழம் எப்போது வரும் என்று கேட்டார். களஆய்வு அவசியம் என்று வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

வாரியம் ஒரு ஜீப்பில் வந்து இறங்கியபோது உச்சி வெயில். அருவியைப் பார்த்துவிட்டு வந்ததால் எல்லோருடைய தலையும் ஈரமாக இருந்தது. கோயிலடியில் ஊர் கூடியிருந்தது. குடமும் கையுமாக ஊற்றிலிருந்து வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். அன்றைக்கு ஊற்று சுத்தமாகக் கைவிட்டிருந்தது. எல்லாம் வெறும் குடம்.

அருணாசலம் கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். பூசாரி சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

“இது என்ன?”

“கல்லுங்க சாமி.”

“அது தெரிகிறது. என்ன மிருகம்?”

சின்னக்கண்ணு மரியாதை தெரிந்தவர். “நீங்க பெரியவங்க. நீங்க என்னன்னு சொல்றீங்களோ அதுங்க” என்றார்.

“சிங்கம் என்கிறேன்.”

“சிங்கந்தானுங்க.”

“இந்த அம்மா புலி என்கிறார்களே.”

சின்னக்கண்ணு மயிலம்மாளைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம். “அது சொன்னாலும் சரியாத்தானுங்க இருக்கும்” என்றார்.

திரைத்துறை வல்லுநர் குனிந்து கல்லை நான்கு கோணத்தில் படம் எடுத்தார். தான் பார்த்த அம்மன் படங்கள் அத்தனையிலும் கடைசிக் காட்சியில் சிங்கம்தான் கர்ஜிக்கிறது, புலி கர்ஜித்தால் குழந்தைகள் பயப்படுகின்றன என்று கருத்துச் சொன்னார். இசைத்துறை வல்லுநர் விரல் முட்டியால் கல்லைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். காந்தாரம் வருகிறது, காளையாக இருந்தால் ரிஷபம் வந்திருக்கும், ஆகவே காளை இல்லை என்றார். தோளில் சாவிகளின் தோல்பையோடு நின்ற செயலாளர் அர்த்தனாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

“ஆக, சிங்கம் என்பதற்கு எதிராக எதுவும் நிரூபிக்கப்படவில்லை” என்றார் அருணாசலம். “ஆனாலும் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது. விடைக்குறிப்புக்கு ஏற்றபடி இந்த இடத்தில் சிமெண்டில் ஒரு சிங்கம் வைத்துவிட்டு, இந்தக் கல்லை ஓரமாக...”

அவர் முடிக்கவில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. குடத்தைக் கீழே போட்டுவிட்டு அத்தாயி நடுவில் வந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. முழங்கால் வலிக்காரி, வலி என்றால் என்னவென்றே தெரியாதவள் மாதிரி இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தாள். சின்னக்கண்ணு உடுக்கையைத் தேடி ஓடினார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. மயிலம்மாளும் கும்பிட்டாள்.

“யார்ரா அவன், எங் கல்ல நவுத்தறவன்?”

அருணாசலத்தின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தேய்ந்தது. “தாயே, வணக்கம். தங்கள் வாகனம் எது என்பதில் ஒரு சிறு ஐயம்.”

“எனக்கு எதுக்குடா வண்டி? நான் எங்க போகப் போறேன்?”

கூட்டம் ‘ஆமா தாயி’ என்றது. அருணாசலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் அவர் கடமை தவறாதவர்.

“தாங்கள் சொல்வதை மறுக்கவில்லை தாயே. ஆனால் இதற்கு நூல் ஆதாரம் ஏதாவது உண்டா? பக்க எண்கூட வேண்டாம். நூலின் பெயரும் பதிப்பாண்டும் போதும்.”

அம்மன் உறுமினாள். அர்த்தனாரி குனிந்து எழுதியதை, பக்கத்தில் நின்ற குழந்தைசாமி எட்டிப் பார்த்தான். ‘அம்மன் நேரில் ஆஜரானார். நூல் ஆதாரம் தாக்கல் செய்யவில்லை. மயிலம்மாளின் ஆட்சேபணை தள்ளுபடி’ என்று இருந்தது.

“தண்ணி கொண்டா” என்றாள் அம்மன்.

சாமி வந்தால் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினால்தான் மலையேறும். அது வழக்கம். சின்னக்கண்ணு ஒரு குடத்தைத் தூக்கினார். காலி. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் காலி. ஜீப்பில் இருந்த பாட்டில்களையும் அருவியிலேயே குடித்துத் தீர்த்திருந்தார்கள்.

“தண்ணிடா.” அம்மன் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள். சாமி மலையேறாமல் யாரும் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது என்று சின்னக்கண்ணு வல்லுநர்களுக்கு விளக்கினார். எவ்வளவு நேரம் ஆகும் என்று திரைத்துறை வல்லுநர் கேட்டார். ஒருமுறை மறுநாள் வரைக்கும் நின்றதுண்டு என்றார் சின்னக்கண்ணு.

மயிலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை நாளும் யாரிடமும் குரலை உயர்த்தாதவள், அர்த்தனாரிக்கு நேராகப் போய் நின்றாள்.

“பையத் தொறந்து சாவியக் குடுங்க சார். மோட்டாரு அங்கதான் இருக்குது. கரண்டும் இருக்குது. குழாயில தண்ணி இல்லாம அம்மனக் காக்க வச்ச பாவம் எங்களுக்கு வேண்டாமுங்க.”

அர்த்தனாரி தலைவரைப் பார்த்தார். “தேறாத ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது?” என்றார் அருணாசலம். அம்மன் ஜீப்பின் முன்பக்கத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். தகரம் உள்ளே போனது. அருணாசலம் சட்டென்று தெளிவடைந்தார்.

“அர்த்தனாரி, அம்மன் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாரா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்படியானால் அம்மனிடம் சாவி இருப்பதால் எந்தத் தேர்வருக்கும் அநீதி இல்லை. அம்மனிடமே கொடுத்துவிடுங்கள்.”

அர்த்தனாரி இரண்டு கையாலும் சாவியை நீட்டினார். அம்மன் வாங்கினாள். வாங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல், மயிலம்மாளின் கையில் திணித்தாள்.

மயிலம்மாள் ஓடினாள். பொத்தானை அழுத்தியதும் மோட்டார் இருமியது, செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. கோயிலடிக் குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு துருவேறிய செந்நீர் வந்தது. அப்புறம் தண்ணீர். குழந்தைகள் குழாயடிக்கு ஓடினார்கள். பெண்கள் கும்பிடுவதா குடம் வைப்பதா என்று ஒரு கணம் தவித்து, இரண்டையும் செய்தார்கள். சின்னக்கண்ணு ஒரு குடத்தில் மஞ்சளைக் கரைக்கப் போனார். அதற்குள் அம்மன் குடத்தை வெடுக்கென்று வாங்கி, வாய் வைத்துப் பாதிக்குமேல் குடித்தாள். அப்படி ஒரு வழக்கம் அதற்கு முன் இருந்ததில்லை. மீதியைத் தலையில் ஊற்றினார்கள். அம்மன் மலையேறினாள். வாரியம் மலையிறங்கியது.

அதன் பிறகு ஊஞ்சக்காட்டில் தண்ணீர் நிற்கவில்லை. சாவி அம்மன் வசம் இருப்பதாக வாரியத்தின் குறிப்பு சொன்னது. திரும்ப வாங்குவதென்றால் அம்மனுக்குத்தான் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மலையேற ஆள் கிடைக்கவில்லை. சிமெண்டுச் சிங்கமும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கல்லுக்குப் பக்கத்தில், ‘அம்மனின் சிங்க வாகனம், அருவ நிலையில்’ என்று ஒரு தகரப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். சின்னக்கண்ணு குளித்துவிட்டு வந்தால் அதில்தான் வேட்டியைக் காயப்போடுவார்.

மயிலம்மாள் தேறாதவளாகவே ஒரு வருடம் மோட்டார் போட்டாள். அடுத்த கோடையில் மறுபடியும் தேர்வு வந்தது. இந்த முறை அவள் நெற்றியை வீட்டிலேயே துடைத்துக்கொண்டு போனாள். வினாத்தாளைப் பிரித்து நடுவில் வந்தபோது அங்கே ஒரு புதுக் கேள்வி இருந்தது. ‘ஊஞ்சக்காட்டம்மன் ஒரு குடம் தண்ணீர் கேட்டது எதன் குறியீடு? கருணை, வளமை, தூய்மை, மேற்கண்ட அனைத்தும்.’

அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசியைக் கறுப்பாக்கினாள். அந்த வருடம் அவள் தேறினாள். வேலை நிரந்தரமாயிற்று. திரைத்துறை வல்லுநர் கையால் அவள் வாங்கிய சான்றிதழைக் குழந்தைசாமி கண்ணாடி போட்டு மாட்டினான்.

செய்தி தெரிந்த அன்று மேட்டுக் குழாயடியில் அத்தாயி குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சாமி வந்து போனால் தனக்கு ஒன்றுமே நினைவிருக்காது என்று எப்போதும் சொல்கிறவள் அவள். அன்றைக்கு நடந்ததைப் பற்றியும் ஒரு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன கண்ணு கேட்டாங்களாம் இந்தத் தடவ?”

“அம்மன் எதுக்குத் தண்ணி கேட்டுதுன்னு கேட்டாங்கக்கா.”

“நீ என்ன போட்ட?”

“கருணை, வளமை, தூய்மை, எல்லாம்னு போட்டேன்.”

அத்தாயி குழாயில் கையேந்தி ஒரு வாய் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“தொண்ட காஞ்சு கெடந்துதுன்னு போட்டிருக்கலாமே” என்றாள்.

“அது அதுல இல்லக்கா” என்றாள் மயிலம்மாள். சொல்லிவிட்டு, நிமிர்ந்து அத்தாயியின் முகத்தைப் பார்த்தாள். அத்தாயி பார்வையை மாற்றிக்கொண்டு, நிறைந்து வழிகிற குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.